நாலாவது அடிக்கல்

அத்தியாயம் 17

பசறையிலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். தயாபரனை நான் வேண்டுமென்றே மட்டமாகக் காட்டுகிறேனாம். அந்த மனிதரிடம் ஒரு நல்ல குணம்கூடவா இருக்காது என்று கேட்கிறார். நானும் பதினாறு வாரமாகத் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். ஒன்று அகப்பட்டது: ஆள் எந்த வேலையையும் பாதியில் விட்டதில்லை. எதையும் தொடங்கியதே இல்லை என்பதால் அந்தச் சிக்கல் அவருக்கு வரவில்லை.

தெமோதரைக்கு மேலே மொட்டமலைத் தேயிலைத் தோட்டத்தில், கோயிலுக்குக் கீழே ஒரு சமதரை உண்டு. அங்கே இருபது வீடு கட்டப் போவதாகச் சொல்லித் தயாபரன் முதல் அடிக்கல்லை நாட்டியபோது அவர் பிரதேச சபை உறுப்பினர். மீசை கறுப்பு, செருப்பு இரவல். மாகாண சபைக்குப் போனதும் வந்து அதே இடத்தில் அதே இருபது வீட்டுக்கு இரண்டாவது கல்லை நாட்டினார். பாராளுமன்றத்துக்குப் போனதும் மூன்றாவது. ஒவ்வொரு கல்லுக்கும் நடுவில் ஒரு கட்சி மாறியிருந்தார். இப்போது பிரதியமைச்சர். கல்லும் அதற்கேற்ப வளர்ந்திருக்கிறது. இந்த முறை கறுப்புப் பளிங்கில், பொன் எழுத்தில்.

முதல் கல்லைத் தோட்டத்துப் பெண்கள் பெயர்த்துக்கொண்டு போய்ப் பீலியடியில் போட்டு அதில்தான் துணி துவைக்கிறார்கள். தண்ணீர் விழுந்து விழுந்து பெயர் தேய்ந்துவிட்டது; 'கௌரவ' என்பது மட்டும் இன்னும் தெரிகிறது. இரண்டாவது, மாட்டுப்பட்டிக்குப் படி. மூன்றாவது கல் புல்லுக்குள் சாய்ந்து கிடந்தது. அதை நேற்றுத்தான் அமைச்சரின் செயலாளர் தினேஸ் ஆள் வைத்து அப்புறப்படுத்தினான். புதுக் கல்லுக்குப் பக்கத்தில் பழைய கல் இருந்தால் படத்தில் நன்றாக விழாதாம்.

இந்தப் பெரிய மனிதரின் அக்கா அங்கம்மா இன்னும் அதே தோட்டத்தில், அதே லயத்து வரிசை வீடுகளில், ஐந்தாம் காம்பராவில்தான் இருக்கிறாள். ஐம்பத்தெட்டு வயது. புருஷன் போய்ச் சேர்ந்து பல வருஷம். மகள் சுபாஜினி பதுளையில் ஒரு மருந்துக்கடையில் நிற்கிறாள். அங்கம்மா இன்னமும் கொழுந்துதான் பறிக்கிறாள்.

லயத்துக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விழுந்திருக்கிறது; பெருமழை பெய்தால் மண் சரிந்து லயத்தை மூடிவிடும். அதிகாரிகள் வந்தார்கள், சுவரில் ஓடிய வெடிப்பின் குறுக்கே பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதினார்கள், மழைக்கு முன்னால் வெளியேறும்படி நோட்டீஸ் ஒட்டினார்கள். எங்கே போவது என்று நோட்டீஸில் எழுதவில்லை. இருபது வீட்டுப் பட்டியலில் தன் பெயர் இருக்கும் என்று அங்கம்மா நம்பியிருந்தாள். இல்லை. பதுளை நகரில் அவள் பெயரில் ஒரு மாடி வீடு இருக்கிறதாம். ஏற்கெனவே வீடுள்ளவர்களுக்கு இன்னொரு வீடு தர முடியாது என்று கிராம சேவகர் சொல்லிவிட்டார்.

தம்பியிடம் கேட்டால் தெரியும் என்று பத்து நாளைக்கு முன் பதுளைக்குப் போனாள். தம்பி வீட்டுக் கேற்றடியில் மழையில் ஒரு மணி நேரம் நின்றாள். உள்ளேயிருந்து தம்பியின் குரல் அவளுக்கே கேட்டது. "யாருன்னு கேட்டுட்டுத் தொற." காவலாளி வந்து கேட்டான். சொன்னாள். உள்ளே போய்விட்டு வந்து, ஐயா வீட்டில் இல்லை என்றான்.

நனைந்துகொண்டு நின்றாளே, அந்த வீடுதான் அவள் பெயரில் இருக்கிற வீடு. அதைச் சுபாஜினி காணிப் பதிவுக் கந்தோரில் விசாரித்து வந்து சொன்னபோது அவள் நம்பவில்லை. இன்று நம்ப வேண்டியதாயிற்று.

*

அமைச்சர் வருகிறார் என்பதால் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டிலேயே எல்லாருக்கும் அரைப் பேர் என்று சொல்லிவிட்டார்கள். பாதி நாள் வேலை, பாதி நாள் சம்பளம். மீதிப் பாதி நாள் வெயிலில் நின்று வரவேற்பது. ஒன்பது மணிக்கு வரவேண்டியவர் பன்னிரண்டரைக்கு வந்தார். அவருடைய ஜீப் எங்கே போனாலும் மூன்று முறை ஹோர்ன் அடிக்கும். சாவு வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான்.

மாலைகளோடு நின்றவர்களைத் தாண்டிக்கொண்டு நேரே லயத்துக்கு நடந்தார். கூடத் தினேஸ். அவனுக்குப் பின்னால், முத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு சமாதான நீதவான், ஜே.பி. தம்பையா. படம் எடுக்கும் பொடியன்களை வெளியே நிற்கச் சொன்னார்கள். தயாபரன் அக்காவின் காம்பராவுக்குள் கால் வைத்துப் பதினொரு வருஷமாகிறது.

"ஒடம்பு எப்பிடி இருக்குக்கா?" என்று கேட்டுக்கொண்டே உட்கார இடம் தேடினார். சுவர் வெடிப்பைப் பார்த்தார். பிறகு அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

விஷயம் இதுதான். கொழும்பில் ஒரு தொலைக்காட்சிக்காரன் பதுளை வீட்டைப் படம்பிடித்துப் போட்டுவிட்டான். அமைச்சர் கொடுத்த சொத்து விபரத்தில் அந்த வீடு இல்லை. பாராளுமன்றத்தில் கேள்வி எழும்பியது. அது என் அக்காவின் வீடு என்று இவர் பதில் சொல்லிவிட்டார். இனி அக்காவும் அதைச் சொல்ல வேண்டும், சத்தியக் கடதாசியில், இன்றைக்கே. மூன்று மணிக்குப் பண்டாரவளையில் பத்திரிகையாளர் கூட்டம்.

"நா எப்ப தம்பி வீடு வாங்குனேன்?" என்று அங்கம்மா கேட்டாள்.

தினேஸ் தன் போனை நீட்டினான். ஏழு வருஷத்துக்கு முந்திய படம். புதுச் சேலையில் அங்கம்மா, புது அடுப்பின் முன்னால், பொங்கி வழியும் பால் பானையோடு.

"பால் காய்ச்சினது நீங்கதானேம்மா. சொந்தக்காரங்கதானே காய்ச்சுவாங்க."

அவளுக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. வாழ்க்கையிலேயே முதல் தடவையாகத் தம்பி அவளுக்கு ஜீப் அனுப்பியிருந்தான். போகிற வழியில் பத்திரம் எழுதும் நொத்தாரிசு கந்தோரில் நிறுத்தி, தேத்தண்ணியும் மீன் பணிசும் வாங்கிக் கொடுத்து, அம்மாவின் மரணச் சான்றிதழ் சம்பந்தமாக என்று சொல்லி இரண்டு கையெழுத்து வாங்கினான். மறுநாள் விடியலில் வீட்டுக்குப் பால் காய்ச்சினார்கள். கூடப் பிறந்தவள் கையால் காய்ச்சினால்தான் வீடு விளங்கும் என்று வந்தவர்கள் முன்னால் தம்பி சொன்னபோது அவள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பந்தியில் அவளுக்கு இடமில்லை, பின்பக்கம் வைத்துத்தான் சாப்பாடு போட்டார்கள். அதைக்கூட அவள் பெரிதாக எடுக்கவில்லை. மந்திரி ஆகப்போகிறவன் நம்மை மறக்கவில்லை என்று ஏழு வருஷமாகக் கொழுந்து மலையில் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறாள். வீட்டை அவள் பெயரில் எழுதி மறைத்ததையாவது அரசியல் என்று விட்டுவிடலாம். இந்தப் பெருமையைக் கொடுத்து ஏமாற்றினானே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

சுபாஜினி கடதாசியை வாங்கிச் சத்தமாக வாசித்தாள்.

"மொட்டமலைத் தோட்டத்தைச் சேர்ந்த அங்கம்மா ஆகிய நான் இத்தால் சத்தியம் செய்து கூறுவதாவது: மேற்படி வீடு எனது சொந்த உழைப்பினாலும் சேமிப்பினாலும் வாங்கப்பட்டு எனக்கு உரித்தானது. எனது தம்பியும் அவரது மனைவியும் எனது அனுமதியின் பேரில் அங்கு தங்கியிருக்கிறார்கள்."

வாசித்து முடித்துவிட்டுக் கடதாசியை மடியில் வைத்துக்கொண்டாள். இதில் கையெழுத்துப் போட்டால் இருபது வீட்டுப் பட்டியலில் மட்டுமல்ல, இனி எந்தப் பட்டியலிலும் அம்மாவின் பெயர் வராது என்பது அவளுக்குத் தெரியும். மாமாவின் முகத்துக்கு நேரே அதைச் சொன்னாள்.

"அடுத்த கட்டத்துல மொதப் பேரே ஒங்கம்மாதான்" என்றார் மாமா.

"அதுக்கு அஞ்சாவது கல்லு வைக்கணுமே மாமா."

தினேஸ் இருமினான். தயாபரன் மருமகளை விட்டுவிட்டு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியது. தேர்தல் மேடைகளில் நூறு முறை கலங்கிய கண். எப்போது கலங்க வேண்டும் என்று அதற்குத் தெரியும். நீ போடாவிட்டால் என் பதவி போய்விடும், இந்த லயத்திலிருந்து மேலே போன ஒரே ஆள் நான், உன் கையால் என்னைக் கவிழ்த்துவிடாதே என்றார். அம்மாவைப் பற்றியும் ஏதோ சொன்னார். அம்மா செத்த அன்று அவர் மொனராகலையில் ஒரு கட்சியில் சேர்ந்துகொண்டிருந்தார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அங்கம்மா அவர் தலைக்கு மேலே தெரிந்த வெடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பென்சில் கோடு இரண்டு துண்டாகப் பிரிந்து, நடுவே ஒரு விரல் போகும் அளவுக்கு இடைவெளி விழுந்திருந்தது.

"அந்த வீடு ஒனக்கா எனக்கா தம்பி?"

"சட்டப்படி ஒனக்குத்தான்க்கா."

"சட்டத்த விடு. நீ சொல்லு."

வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். தினேஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"ஒன் வீடுதான்க்கா. சத்தியமா ஒன் வீடு."

"தம்பையாண்ணே, கேட்டுக்கிட்டீங்களா?"

கேட்டதாக ஜே.பி. தலையாட்டினார். அப்போது அங்கம்மா மகளிடம் கடதாசியை வாங்கி, எழுத்துக்கூட்டி ஒரு முறை பார்த்துவிட்டு, சொந்த உழைப்பு, சேமிப்பு என்று வருகிற இடத்தை மட்டும் வெட்டச் சொன்னாள். நான் வாங்கவில்லை என்று எனக்குத் தெரியும், தெரிந்த பொய்யில் சத்தியம் பண்ண மாட்டேன், வீடு என்னுடையது என்று மட்டும் இருக்கட்டும் என்றாள். தயாபரனுக்கு அவசரம். வெட்டுடா என்று தினேஸிடம் சொன்னார். இரண்டு பிரதியிலும் வெட்டினான். அங்கம்மா நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக, இரண்டிலும் கையெழுத்துப் போட்டாள். தம்பையா முத்திரை குத்தினார்.

"இதுல ஒண்ண எங்கிட்ட குடுத்துட்டுப் போங்க" என்றாள்.

கொடுத்துவிட்டார்கள். அந்தத் தேத்தண்ணியையும் மீன் பணிசையும் விட்டால், பதினொரு வருஷத்தில் தம்பி அவளுக்குக் கொடுத்த முதல் சாமான் அது.

சுபாஜினி கோபத்தோடு எழும்பி வெளியே நடந்தாள். பீலியடிக்குப் போய்க் கல்லின்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

*

அங்கம்மாதான் ஆரத்தி எடுத்தாள். உடன்பிறந்தவள் எடுத்தால்தான் படத்துக்கு நன்றாக இருக்கும். தயாபரன் நாலாவது கல்லில் சீமெந்து பூசினார், கையைத் துடைத்துக்கொண்டார், ஒலிவாங்கியைப் பிடித்தார். ஒலிவாங்கி கிடைத்துவிட்டால் விடமாட்டார். அதையும் நல்ல குணத்தில் சேர்க்கலாமா என்று பசறை வாசகி யோசித்துச் சொல்லட்டும்.

நாற்பது நிமிஷம் பேசினார். லயத்தில் பிறந்தேன் என்றார். பசியில் படித்தேன் என்றார். படித்தது எட்டாம் வகுப்பு வரை. கடைசியில் அக்காவின் பக்கம் கையை நீட்டினார்.

"இந்தா நிக்கிறாங்க என் அக்கா. கொழுந்து பறிச்சு, சொந்த ஒழைப்புல பதுளையில மாடி வீடு வாங்கியிருக்காங்க. தம்பி மந்திரின்னு எங்கிட்ட எதுவுமே கேட்டதில்ல. நீங்களும் அவங்க மாதிரி முன்னேறணும். எல்லாத்துக்கும் அரசாங்கத்தையே எதிர்பாக்கக் கூடாது."

கைதட்டல் வரவில்லை. முந்நூறு பேரும் அங்கம்மாவைப் பார்த்தார்கள். முப்பத்தைந்து வருஷம் பக்கத்து நிரையில் கொழுந்து பறித்த பாக்கியலெட்சுமி, ஆரத்தித் தட்டோடு நின்றவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மெதுவாக இரண்டடி தள்ளி நின்றாள். மாடி வீட்டை வைத்துக்கொண்டுதான் இத்தனை நாளும் என்னிடம் அரிசி இரவல் வாங்கினாயா என்று அவள் வாயால் கேட்கவில்லை.

பிறகு தினேஸ் பட்டியலை வாசித்தான், பெரட்டில் பேர் கூப்பிடுவது போலவே. கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக "இருக்கேங்க" என்றார்கள். ஆறாவதாகப் பாக்கியலெட்சுமி சொன்னாள். இருபது பேரும் சொல்லி முடித்தார்கள். முப்பத்தைந்து வருஷமாகத் தினமும் காலையில் "இருக்கேங்க" என்று சொன்ன அங்கம்மாவுக்கு மட்டும் அன்று சொல்ல எதுவும் இல்லை.

அங்கே வைத்துத்தான் அவளுக்கு மனம் தெளிந்தது. பட்டியலில் இடமில்லாமல் போனதைக்கூட அவள் தாங்கியிருப்பாள். வெட்டச் சொன்ன பொய்யை முந்நூறு பேர் நடுவில் எடுத்து வைத்தானே, பாக்கியலெட்சுமியை இரண்டடி தள்ளி நிற்க வைத்தானே, அதைத் தாங்க முடியவில்லை. ஆரத்தித் தட்டைக் கல்லின்மேல் வைத்துவிட்டு லயத்துக்கு நடந்தாள்.

சுபாஜினி வந்து பார்த்தபோது அம்மா சாமிப் படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். உடுப்புகள் ஒரு மூட்டை. பொங்கலுக்கு வாங்கி இன்னும் அடுப்பில் ஏற்றாத ஒரு பானை.

"எங்கம்மா போற?"

"மழ வர முந்தி போகச் சொன்னாங்கள்ல. போவோம்."

"எங்க?"

"எங்கேன்னா கேக்குற? வீடிருக்குல்ல நமக்கு."

சுபாஜினி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அதில் விளையாட்டு இல்லை. அம்மா கையெழுத்துப் போட்டதிலிருந்து இருந்த கோபமெல்லாம் வயிற்றிலிருந்து சிரிப்பாக வந்தது. சிரித்துக்கொண்டே மூட்டையைத் தூக்கினாள்.

*

தெமோதரையில் பஸ் ஏறினார்கள். பதுளையில் இறங்கி, சந்தைக்குப் பக்கத்தில் ஒரு போத்தல் பால் வாங்கினார்கள். மழை பிடித்துக்கொண்டது. வீதி ஏறி அந்தக் கேற்றடிக்குப் போய்ச் சேர நாலரை ஆகிவிட்டது.

காவலாளி அவளை அடையாளம் கண்டான். ஐயா இல்லை என்றான். இந்தத் தடவை அது உண்மை. ஐயாவைப் பார்க்க வரவில்லை என்று சொல்லிச் சுபாஜினி கடதாசியைக் கம்பி வழியாக நீட்டினாள். அவன் வாசித்தான். முத்திரையைத் தடவிப் பார்த்தான். இன்னொரு முறை வாசித்தான். காலையில் ஐயா போனில் யாரிடமோ, அது அக்கா வீடு, அக்கா வீடு என்று கத்தியதை அவனும் கேட்டிருந்தான். கேற்றைத் திறந்துவிட்டு மூட்டையை வாங்கிக்கொண்டான்.

தயாபரனின் மனைவி புஸ்பராணி வாசலுக்கு வந்தாள். மூட்டையைப் பார்த்தாள், பானையைப் பார்த்தாள், கடைசியாக ஆட்களைப் பார்த்தாள். கடதாசியை வாசித்ததும் முகம் வெளுத்தது. போனை எடுத்துப் புருஷனுக்கு அடித்தாள். எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்? பண்டாரவளையில் மூன்று மணிக் கூட்டத்தை நாலரைக்குத் தொடங்கி, அந்த நேரம் அதே கடதாசியின் மற்றப் பிரதியைப் பத்துக் கமராவுக்கு முன்னால் தூக்கிப் பிடித்து, இது என் அக்காவின் வீடு என்று ஓதிக்கொண்டிருந்தார். அதை வீட்டுத் தொலைக்காட்சியிலேயே காட்டினார்கள். மூன்று பெண்களும் ஈரத்தோடு நின்று பார்த்தார்கள்.

"அவரு வந்துரட்டும் மதினி, பேசிக்கலாம்" என்றாள் புஸ்பராணி.

"வரட்டும்மா. நா வேணாங்கலியே. நீங்க ரெண்டு பேரும் இங்க தங்கலாம்னு நாந்தானே எழுதிக் குடுத்திருக்கேன்."

ஈரச் சேலையை மாற்றி, மூட்டையை அவிழ்த்து, விளக்கு வைக்கும் நேரமானதும் அடுப்படிக்குப் போனாள்; வழியை அவளுக்கு யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை. பானையைக் கழுவினாள், சாமிப் படத்தை அலமாரியில் வைத்தாள், பாலை ஊற்றி அடுப்பைப் பற்றவைத்தாள். புஸ்பராணி பின்னாலேயே வந்து வாசற்படியில் நின்றாள். இந்த வீட்டுக்கு ஏற்கெனவே பால் காய்ச்சியாயிற்றே, மறந்துவிட்டதா என்று கேட்டாள்.

"மறக்கல" என்றாள் அங்கம்மா. "அன்னைக்கி ஒங்க வீடுன்னு நெனச்சுக் காய்ச்சிட்டேன்."

பால் நுரைத்து ஏறியது. சுபாஜினி பக்கத்தில் வந்து நின்றாள். இரண்டு பேரும் அது விளிம்பைத் தாண்டி வழியும்வரை அடுப்பை அணைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெளியே ஹோர்ன் கேட்டது. மூன்று முறை.

காவலாளி மழையில் கேற்றுக்கு ஓடினான். தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டு, என்ன செய்வது என்று தெரியாமல் வீட்டைத் திரும்பிப் பார்த்தான். புஸ்பராணி வாயைத் திறந்தாள். அதற்குள் அங்கம்மா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, அடுப்படி யன்னலைத் தள்ளித் தலையை நீட்டினாள்.

"யாருன்னு கேட்டுட்டுத் தொறங்க தம்பி."